பள்ளிப் பிள்ளைகளைத் தெருவில் இறக்கியது யார்? சொவெட்டோ 1976

ஒரு வாசகர் எழுதியது:

"வருஷா வருஷம் ஜூன் 16 வந்தால் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் போடுகிறீர்கள். குண்டடிபட்ட பையனைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஓடி வருகிற படம். பார்த்தால் நெஞ்சு பதறுகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அரசியல் என்ன தெரியும்? ஒரு மொழியைப் படிக்கச் சொன்னதற்கா இவ்வளவும்? பின்னாலிருந்து யாரோ பெரியவர்கள் ஏற்றிவிட்டுப் பிள்ளைகளைப் பலி கொடுத்திருக்கிறார்கள். சுட்டவன் மேல் தப்புதான். அனுப்பியவன் மேலும் தப்பு இல்லையா?"

ஜூன் 16, 2025, இரவு 11.10

யாரும் அனுப்பவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

1976 ஜூன் 13, ஞாயிற்றுக்கிழமை. தென்னாப்பிரிக்காவில் ஜோகனஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினத்தவர் ஊர் சொவெட்டோ. அதன் ஒர்லாண்டோ பகுதியில் பள்ளி மாணவர்கள் கூடிப் பேசினார்கள், ஒரு செயற்குழு அமைத்தார்கள், ஆளும் வெள்ளையரின் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் பாடம் படிக்க வேண்டும் என்ற ஆணையை எதிர்த்துப் புதன்கிழமை, ஜூன் 16, ஊர்வலம் என்று முடிவு செய்தார்கள். முன்னால் நின்றவர் மோரிஸ் ஐசக்சன் பள்ளியின் ட்சியட்சி மஷினினி, வயது 19. வீட்டில் சொல்லக் கூடாது என்பதும் திட்டத்தின் ஒரு பகுதி. சொன்னால் எந்த அம்மா விடுவாள்? புதன்கிழமை காலை பெற்றோர்கள் வழக்கம்போல ரயிலேறி ஜோகனஸ்பர்க்கில் வெள்ளைக்காரர்களின் வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். போலீஸ் ஊர்வலத்தைச் சுட்டது. பெற்றோர்கள் சாயங்காலம் திரும்பி வந்தபோது ஊர் எரிந்துகொண்டிருந்தது.

கறுப்பினத்தவரின் பெரிய இயக்கங்களை வெள்ளை இன அரசு 1960-லேயே தடை செய்துவிட்டது. மண்டேலா 1964-லிருந்து ராபன் தீவுச் சிறையில். நாட்டை விட்டு வெளியேறிய தலைவர்களுக்கே இது எதிர்பாராத செய்தி. அப்படியிருக்க, ஏற்றிவிட்ட அந்தப் பெரியவர் யார்? "தூண்டிவிட்டார்கள்" என்ற பேச்சு சுட்ட அரசின் வாயிலிருந்து வந்தது, ஐம்பது வருஷம் கழித்து நாமும் அதையே சொல்வது எனக்கு வலிக்கிறது.

அந்தக் கூட்டத்தின் கையில் அட்டைகள்தான் இருந்தன. மஷினினி ஓரிடத்தில் மேலே ஏறி நின்று போலீஸ் வருகிறது, அமைதியாக இருங்கள், அவர்களைச் சீண்டாதீர்கள், நாம் சண்டைக்கு வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். பத்தொன்பது வயதில் பத்தாயிரம் பேருக்கு மேல் இருந்த கூட்டத்தைப் பார்த்து அவர் பேசியது அது.

ஜூன் 16, இரவு 11.45

ஒன்று விட்டுப்போனது. தெருவுக்கு வருமுன் சொல்லிப் பார்க்கவில்லையா என்றால், சொல்லிப் பார்த்தார்கள். நலேடி பள்ளி மாணவர் எனோஸ் ங்குட்ஷானே கல்வி அமைச்சருக்கே கடிதம் எழுதினார். பதிலாக வந்தது போலீஸ் கார், ஜூன் 8-ந்தேதி, அவரைப் பிடித்துப் போகப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே. கறுப்பினப் பள்ளிக் குழுக்களில் இருந்த பெரியவர்கள் சிலரும் அந்த வருஷத் தொடக்கத்திலேயே மறுப்புச் சொன்னார்கள், பதவி போனது. ஒர்லாண்டோ வெஸ்ட் பகுதிச் சின்ன வகுப்புப் பிள்ளைகள் மே மாதமே வகுப்பைப் புறக்கணித்து வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். ஆக, ஜூன் 16 திடீரென்று முளைத்த நாள் இல்லை.

ஜூன் 17, காலை 6.00

"ஒரு மொழியைப் படிக்கச் சொன்னதற்கா" என்ற இடம் ராத்திரி முழுக்க உறுத்தியது. மொழியைப் படிக்கச் சொல்லவில்லை. அந்த மொழியில் கணக்குப் படிக்கச் சொன்னார்கள். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று ஒரு கணக்கு வாத்தியாருக்குத்தான் தெரியும், நான் இருபத்திரண்டு வருஷமாக அந்த வேலையில் இருக்கிறேன்.

1974-ல் வந்த ஆணை இது: கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளில் பாதிப் பாடம் ஆங்கிலத்தில், பாதி ஆஃப்ரிகான்ஸில். ஆஃப்ரிகான்ஸ் பக்கம் விழுந்தது கணக்கும் சமூகப் பாடமும். பிள்ளைகளின் வீட்டுமொழி சூலு, சோத்தோ, ட்ஸ்வானா, கோசா. அவர்களுக்கு ஆஃப்ரிகான்ஸ் போலீஸ்காரனின் மொழி, பாஸ் புத்தகத்தை (கறுப்பினத்தவர் கையில் வைத்திருக்க வேண்டிய அனுமதிப் புத்தகம்) காட்டு என்று அதட்டுகிறவனின் மொழி. பல வாத்தியார்களுக்கே அது சரியாக வராது. தெரியாத மொழியில் வாத்தியார் நடத்த, தெரியாத மொழியில் பிள்ளை கேட்டுப் பரீட்சை எழுத வேண்டும்.

எங்கள் பள்ளியில் ஒரு பையன் இருந்தான். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழி, கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. பதினொன்றில் ஆங்கில வழிக்கு மாறினான். ஒருநாள் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதிப் போடச் சொன்னேன். சாக்பீஸைப் பிடித்தபடி நின்றான், நின்றுகொண்டே இருந்தான். கைவிரல் எல்லாம் வெள்ளைப் பொடி. என்னடா என்று பக்கத்தில் போனால், கேள்வியின் கடைசியில் இருந்த 'ரெஸ்பெக்டிவ்லி' என்ற ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டிருக்கிறான். "முறையே" என்றேன். அடுத்த நிமிஷம் விடை பலகையில் இருந்தது. கணக்குத் தெரிந்த பிள்ளை, கேள்விக்குள் போக வாசல் இல்லாமல் நின்றது. அந்த முகத்தை நான் மறக்கவில்லை. சொவெட்டோ என்று படிக்கும்போதெல்லாம் அவன்தான் என் கண் முன்னால் வருகிறான்.

ஜூன் 17, இரவு 9.30

காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அந்தப் பையனை இதோடு சேர்த்தது முழுக்கச் சரியில்லை. அவன் தடுமாறினான், பிறகு பிடித்துக்கொண்டான், இன்று பொறியாளர். அவன் தடுமாற வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. அங்கே போட்டார்கள்.

கறுப்பினத்தவரைப் பாண்டு என்றுதான் அந்த அரசு குறிப்பிட்டது. 1953-ல் பாண்டுக் கல்விச் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஹென்ட்ரிக் ஃபெர்வூர்ட், பின்னாளில் பிரதமர். நடைமுறையில் பயன்படுத்தவே முடியாத கணக்கைப் பாண்டுப் பிள்ளைக்குச் சொல்லித் தந்து என்ன பயன் என்று நாடாளுமன்றத்திலேயே கேட்டவர் அவர். கணக்கைப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார், பாருங்கள். கூலிவேலைக்கு மேலே அந்தப் பிள்ளைகளுக்கு இடமில்லை என்பதை ஒளிக்காமல் சொன்ன அரசு அது. இருபது வருஷம் கழித்துக் கணக்கை ஆஃப்ரிகான்ஸுக்குள் தள்ளியது அதே கொள்கையின் அடுத்த படி.

காசுக் கணக்கையும் பார்த்துவிடலாம். 1975-76-ல் ஒரு வெள்ளைக் குழந்தையின் படிப்புக்கு அரசு செலவழித்தது 644 ராண்ட். இந்தியக் குழந்தைக்கு 189. கலப்பினக் குழந்தைக்கு 139. கறுப்பினக் குழந்தைக்கு 42. வெள்ளைப் பிள்ளைக்குப் பதினைந்து ரூபாய் என்றால் கறுப்புப் பிள்ளைக்கு ஒரு ரூபாய். இது புரிய அரசியல் வகுப்பு வேண்டாம். உடைந்த பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்த பிள்ளைக்குத் தானாகப் புரியும்.

ஜூன் 18

அதே வாசகர் மறுபடி எழுதியிருக்கிறார். "சரி, பெரிய மாணவர்கள் தாங்களாக முடிவெடுத்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை எப்படி வந்தது?"

நியாயமான கேள்வி, முதல் நாளே நான் இதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். படத்தில் இருக்கும் அந்தப் பையன், ஹெக்டர் பீட்டர்சன், அந்த ஊர்வலத்தில் இருக்க வேண்டிய பிள்ளை இல்லை. அது உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலம். பாட்டும் கூட்டமுமாக அண்ணன்களும் அக்காக்களும் போனால் சின்னதுகள் பின்னாலேயே ஓடும், எந்த ஊரிலும் அப்படித்தான். அக்கா ஆன்டனெட் பள்ளிச் சீருடையில் கூட்டத்தில் இருந்தார். தம்பியைத் தெருவின் அந்தப் பக்கம் பார்த்துவிட்டார், பக்கத்தில் கூப்பிட்டு எங்கேயும் போகாதே என்று சொல்லி வைத்தார். அப்புறம் சத்தம், புகை, ஆளுக்கொரு பக்கம் ஓட்டம். திரும்பிப் பார்த்தால் தம்பியைக் காணோம். கொஞ்ச தூரத்தில் யாரையோ தூக்குகிறார்கள், அவர் கண்ணில் முதலில் பட்டது தம்பியின் ஷூ. இதை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

அந்தப் படத்தை இப்போது மறுபடி பாருங்கள். நடுவில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் ம்புயீசா மகுபோ, வயது 18. தோளில் பட்டை போட்ட வேலைக்கால்சட்டை, வாய் திறந்து அழுகிறார். பக்கத்தில் சீருடையோடு அக்கா, உள்ளங்கையை விரித்துத் தூக்கியபடி ஓடி வருகிறார். படம் எடுத்தவர் சாம் ந்ஸிமா, 'தி வேர்ல்ட்' பத்திரிகைக்காரர். எடுத்த உடனே சுருளைக் கழற்றிக் காலுறைக்குள் ஒளித்துக்கொண்டார். அவரிடம் இருந்த மற்றச் சுருள்களைப் போலீஸ் வெளிச்சத்தில் காட்ட வைத்துக் கெடுத்துவிட்டது. பிள்ளையைப் பக்கத்துக் கிளினிக்குக்குக் காரில் ஏற்றிப் போனவர் அதே பத்திரிகையின் நிருபர் சோஃபி டேமா. போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

ஜூன் 19

இரண்டு திருத்தம்.

முதலில், சொவெட்டோவில் முதலில் விழுந்தவர் ஹெக்டர் என்று நண்பர் ஒருவர் இங்கே எழுதியிருந்தார், நானும் தலையாட்டிவிட்டேன். முதலில் சுடப்பட்டவர் ஹேஸ்டிங்ஸ் ந்த்லோவு என்றுதான் பெரும்பாலும் கருதப்படுகிறது. வயது 15.

இரண்டாவது சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். முதல் நாள் நான் "கையில் அட்டைகள்தான் இருந்தன" என்று எழுதி நிறுத்திக்கொண்டேன். துப்பாக்கி வெடிக்கும் வரை ஓரளவு அப்படித்தான். வெடித்த பிறகு அப்படி இல்லை. சொவெட்டோவிலேயே சமூகநலப் பணியில் இருந்த மெல்வில் எடல்ஸ்டீன் என்ற வெள்ளை இனச் சமூகவியலாளரை அன்று கூட்டம் அடித்துக் கொன்றது. அந்த ஊர்ப் பிள்ளைகளின் மனக்கொதிப்பைப் பற்றி முன்கூட்டியே ஆய்வு செய்து எழுதியவர் அவர், கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. அவர் அங்கே யாருக்கும் கெடுதல் செய்ய வந்தவர் இல்லை. அவருக்கும் பிள்ளைகள் உண்டு. அவரை விட்டுவிட்டு இந்த நாளைச் சொன்னால் நான் சொல்வது பாதிக்கதை, அதனால் இங்கே வைக்கிறேன். நாயை ஏவி, கண்ணீர்ப்புகை வீசி, பள்ளிச் சீருடையைப் பார்த்துச் சுட்டவர்களின் குற்றம் இதனால் ஒரு குன்றிமணியும் குறையாது.

ஜூன் 20

சின்னக் குறிப்பு. அட்டைகளில் ஒன்றில் எழுதியிருந்தது: நாங்கள் ஆஃப்ரிகான்ஸ் படிக்க வேண்டுமென்றால் ஃபோர்ஸ்டர் சூலு படிக்க வேண்டும். ஃபோர்ஸ்டர்தான் அன்றைய பிரதமர். இதைப் படிக்கும்போது வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்து வரும் குரல் கேட்கிறது எனக்கு. பெரியவர்கள் எழுதிக் கொடுத்தால் இப்படியா இருக்கும்?

ஜூன் 22

என் தம்பி கொஞ்ச காலம் ஜோகனஸ்பர்க்கில் வேலையில் இருந்தான். 2014 மே விடுமுறையில் போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொவெட்டோவுக்குக் காரில் கூட்டிப்போனான். விலகாசி தெருவில் மண்டேலா இருந்த வீடு, பேராயர் டுட்டுவின் வீடு, வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள், சுற்றுலாப் பயணிகள். மொயேமா தெரு வந்து சேரும் முனையைக் காட்டி இங்கேதான் என்றார்கள். சாதாரணத் தெருமுனை. ஒரு பெண் குழந்தை தண்ணீர் பாட்டிலோடு கடந்து போனது.

கொஞ்ச தூரத்தில் ஹெக்டர் பீட்டர்சன் அருங்காட்சியகம், 2002 ஜூன் 16-ல் திறந்தது. செங்கல் கட்டடம். உள்ளே முற்றத்தில் கற்கள், அவற்றில் இறந்த பிள்ளைகளின் பெயர்கள். நான் வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டே பழகியவன், மனசுக்குள் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனேன். இருபது முப்பதுக்கு மேல் முடியவில்லை. தம்பி தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தான்.

எத்தனை பேர்? முதல் நாள் 23 பேர் என்றது அரசு. அதோடு நிற்கவில்லை, அலெக்சாண்ட்ரா, பிறகு கேப் டவுனின் லங்கா, குகுலேத்து என்று மாதக்கணக்கில் பரவியது. அரசே வைத்த சிலியே விசாரணைக் குழுவின் கணக்கு, 1977 பிப்ரவரி வரை 575 பேர். அதில் 451 பேர் போலீஸ் நடவடிக்கையில் இறந்தவர்கள் என்று அந்தக் குழுவே சொல்கிறது. இது அரசின் வாயால் வந்த குறைந்தபட்சக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாரக்வனாத் மருத்துவமனையில் குண்டுக்காயத்தோடு வந்த பிள்ளைகளின் பட்டியலைப் போலீஸ் கேட்டது, பிடித்துக் கேஸ் போடுவதற்காக. டாக்டர்கள் தரவில்லை. குண்டுக்காயம் என்று எழுத வேண்டிய இடத்தில் சீழ்க்கட்டி என்று எழுதினார்கள். இந்த விஷயத்தை நான் வகுப்பில் ஒருமுறை சொன்னேன். முன் வரிசையில் ஒரு பெண் கேட்டாள்: "சார், டாக்டர் பொய் எழுதலாமா?" நான் உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் போய், "எழுதலாம்மா" என்றேன்.

ஜூன் 24

பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, "அங்கே நம்ம ஆட்கள் எவ்வளவோ பேர் இருந்தார்களே, அவர்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

மேலே இந்தியக் குழந்தைக்கு என்று சொன்ன அந்த 189 ராண்டை மறுபடி பாருங்கள். கறுப்புப் பிள்ளையை விட நாலு மடங்குக்கு மேல், வெள்ளைப் பிள்ளையின் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழ். ஆளுக்கொரு படியில் நிற்க வைத்தால் கீழ்ப்படியில் இருப்பவனைப் பார்த்து ஆறுதல் அடைவான் என்பது அந்த அரசின் கணக்கு. அப்படி ஆறுதல் அடைந்து ஒதுங்கியவர்கள் உண்டு. ஒதுங்காதவர்களும் உண்டு. கறுப்பின விழிப்புணர்வு இயக்கத் தலைவர் ஸ்டீவ் பிகோ காலத்து மாணவர் இயக்கம் "கறுப்பர்" என்ற சொல்லுக்குள் இந்தியர்களையும் கலப்பினத்தவரையும் சேர்த்தே பேசியது. டர்பனின் ஸ்ட்ரினி மூட்லியும் சாத்ஸ் கூப்பரும் அந்த இயக்கத்தில் பிகோவோடு நின்றவர்கள், 1976 டிசம்பரில் தண்டிக்கப்பட்டு ராபன் தீவுக்குப் போனவர்கள். மூட்லி என்பது வேறு ஒன்றுமில்லை, நம் முதலியார்தான், கப்பலேறிப் போய் எழுத்து மாறியது.

அதற்கும் முன்னால் வள்ளியம்மை. தில்லையாடி வள்ளியம்மை என்று நாம் சொன்னாலும் பிறந்தது ஜோகனஸ்பர்க்கில். அங்கே காந்தி நடத்திய சத்தியாகிரகத்தில் சிறைபோய், நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் இறந்தபோது வயது 16. பிராம்ஃபோன்டெய்ன் இடுகாட்டில் இருக்கிறார். சொவெட்டோவில் இருந்து காரில் போகிற தூரம்தான். அவரை யார் ஏற்றிவிட்டது என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. பாடப்புத்தகத்தில் வைத்துக் கும்பிட்டோம்.

ஜூன் 28

"கடைசியில் கிடைத்தது என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆஃப்ரிகான்ஸ் கட்டாயத்தை அரசு ஜூலையிலேயே கைவிட்டது. அதற்குள் அது மொழிப் பிரச்சினையாக இல்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் எல்லை தாண்டிப் போட்ஸ்வானா, ஸ்வாசிலாந்து என்று போனார்கள், பலர் ஆயுதப் பயிற்சிக்குப் போனார்கள். 1977 செப்டம்பர் 12-ல் பிகோ காவலில் இறந்தார். அக்டோபரில் 'தி வேர்ல்ட்' பத்திரிகையை மூடினார்கள். நவம்பரில் ஐ.நா. ஆயுதத் தடை கொண்டுவந்தது. மண்டேலா வெளியே வர 1990 ஆனது.

மஷினினி அதைப் பார்த்தாரோ என்னவோ, அதே 1990-ல் கினி நாட்டில் இறந்துபோனார், 33 வயதில். ஊருக்குப் பெட்டியில்தான் வந்தார். ந்ஸிமா மிரட்டல் தாங்காமல் பத்திரிகை வேலையை விட்டுச் சொந்த ஊர் போய்ச் சேர்ந்தார், அங்கும் வீட்டுக்காவல். தான் எடுத்த படத்தின் உரிமை அவர் கைக்கு வந்தது 1998-ல். 2018-ல் இறந்தார்.

மகுபோதான் என்னைத் தூங்க விடாதவர். அடிபட்ட பிள்ளையைத் தூக்கியது தவிர அவர் ஒன்றும் செய்யவில்லை. படம் வெளியான பிறகு போலீஸ் விரட்டியது, நாட்டை விட்டு ஓடினார். 1978-ல் நைஜீரியாவில் இருந்து அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அதோடு சரி. பல வருஷம் கழித்துக் கனடாவில் ஒருவர் அவராக இருக்கலாம் என்று பேச்சு கிளம்பியது, மரபணுச் சோதனை பொருந்தவில்லை என்று செய்தி வந்தது. என் மகன் வீரன் இல்லை, எங்கள் வழக்கத்தில் விழுந்த தம்பியைத் தூக்குவது அண்ணனின் வேலை என்று அந்த அம்மா சொன்னார். மகன் வராமலேயே அவரும் போய்விட்டார்.

ஜூன் 29

முதலில் கேள்வி கேட்ட வாசகரிடமிருந்து இன்று ஒரே வரி: "ஹேஸ்டிங்ஸ் சுடப்பட்ட படம் ஏன் எங்கேயும் இல்லை?"

அவர் விழுந்த இடத்தில் கேமரா இல்லை. ஊர்வலம் பல பள்ளிகளில் இருந்து பல வழியாக வந்தது, நாலைந்து பத்திரிகைக்காரர்கள் எத்தனை தெருவில் நிற்க முடியும்? அந்தப் பக்கத்துச் சாலையில்தான் 2014-ல் நாங்களும் காரில் திரும்பி வந்தோம். தம்பி ஏதோ பாலத்தைக் காட்டிப் பேசிக்கொண்டு வந்தான், எனக்கு அப்போது அந்தப் பெயர் தெரியாது, நாங்கள் இறங்கவில்லை.